வளையும் காலும் முறியும் காலும்

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானத்தில் அதிகம் அடிபடும் உறுப்பு லேண்டிங் கியர். சக்கரங்களைத் தாங்கும் இந்தக் கால்கள் பறக்கும் நேரமெல்லாம் சும்மா தொங்கி எடையையும் காற்றுத் தடையையும் கூட்டுகின்றன. தரையைத் தொடும் ஒரு கணத்துக்காகவே அவை சுமக்கப்படுகின்றன. அந்தக் கணத்தின் அதிர்ச்சி எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இந்த உறுப்பின் வரலாறு.

தொடக்கத்தில் மாதிரி விமானங்களுக்குக் கால் கட்டாயமாக இருக்கவில்லை. 1871 ஆகஸ்டில் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் முறுக்கு விமானம் 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் சென்றது. அதற்குச் சக்கரம் கிடையாது, கையிலிருந்து விடுவதே புறப்பாடு. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உருவான பிரவுன் ஜூனியர் போன்ற சிறு பெட்ரோல் எஞ்சின்கள் வந்ததும் நிலைமை மாறியது. எடை கூடியது, வேகம் கூடியது, முன்னால் சுழலும் புரொப்பல்லரைத் தரையில் படாமல் காக்க வேண்டியிருந்தது. மிச்சிகனைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937-இல் ரேடியோவால் பறக்கவிட்ட 'கஃப்' விமானத்தின் சிறககலம் 8 அடி. அந்த அளவுள்ள ஒன்றை வயிற்றால் இறக்கினால் பால்சா மரச் சட்டகமும் உள்ளே இருக்கும் ரேடியோ வால்வுகளும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறைக்குக் கைகொடுத்தது பியானோ கம்பி. இசைக் கருவிகளுக்காக இழுக்கப்பட்ட அதிகக் கார்பன் கொண்ட இந்த எஃகுக் கம்பி, வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். அதைக் குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். நெருப்பில் பழுக்கவைத்தால் விறைப்பு போய்விடும், மிகக் குறுகலாக மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். இரண்டு கம்பிகளைச் சேர்க்க மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி ஈயம் பற்றவைப்பார்கள், ஏனென்றால் அந்தச் சூடு எஃகைக் கெடுப்பதில்லை. பின்னாளில் தாழ்சிறகு விமானங்களில் இதற்கு ஒரு நேர்த்தியான வடிவம் அமைந்தது. இறக்கைக்குள் பதித்த கடினமரக் கட்டையில் ஒரு பள்ளம் வெட்டி, கம்பியின் ஒரு பகுதியை அதில் குறுக்காகப் படுக்கவைப்பார்கள். கால் பின்னோக்கித் தள்ளப்படும்போது படுத்திருக்கும் பகுதி முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கும். கம்பிக் காலின் பெரிய நன்மை வேறு. கோணலாகிப்போனால் மைதானத்திலேயே இடுக்கியால் நிமிர்த்திவிடலாம். முற்றிலும் வீணானால் அதே தடிமனில் புதுக் கம்பி வாங்கி வீட்டிலேயே வளைக்கலாம். மாற்றுப் பாகம் தேடுவது என்ற வேலையே அப்போது இல்லை.

அடுத்த மாற்றம் பெரிய விமானங்களிலிருந்து வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷைச் சேர்ந்த பந்தய விமானி ஸ்டீவ் விட்மன், 1930-களில் தம் விமானங்களுக்குத் தட்டையான ஸ்பிரிங் எஃகுப் பட்டையையே காலாக வைத்தார். செஸ்னா நிறுவனம் அந்த அமைப்புக்கான உரிமையைப் பெற்று, 1946-இல் வெளியான செஸ்னா 140 முதலான விமானங்களில் பயன்படுத்தியது. மாதிரி விமானக்காரர்களும் அந்தத் தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் எஃகுக்குப் பதில் அலுமினியத் தகட்டில். தகட்டை வெட்டி இரண்டு இடத்தில் மடித்து உடலின் அடியில் போல்ட் போட்டால் கால் தயார். உண்மையில் ஸ்பிரிங் என்ற முறையில் இது கம்பியைவிடப் பின்தங்கியது. ஒரே எடைக்கு நல்ல பியானோ கம்பி சேமித்துத் திருப்பித் தரும் ஆற்றல், சாதாரண அலுமினியக் கலவை தருவதைப்போலப் பல மடங்கு. அலுமினியம் பரவியதற்குக் காரணம் அதன் வழவழப்பான தோற்றமும் தொழிற்சாலையில் அச்சு வைத்து மடிக்கும் வசதியும்தான். ஒரு முரட்டு இறக்கத்துக்குப் பிறகு கால்கள் அகன்று நின்றுவிடும். அதை மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்துவார்கள். நாலைந்து முறை அப்படிச் செய்தால் மடிப்பில் உலோகம் சோர்ந்து ஒடியும்.

கார்பன் இழை இந்தப் பக்கம் வருவதற்கு நீண்ட சுற்று தேவைப்பட்டது. 1958-இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் மிக வலுவான கார்பன் இழைகளை உருவாக்கினார். அதையடுத்து ஜப்பானில் அகியோ ஷிண்டோ, பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையைச் சுட்டுக் கார்பனாக்கும் வழியைக் கண்டார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் 1960-களில் அந்த வழி மேலும் செம்மையானது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினின் முன்விசிறி இதழ்களைக் கார்பனில் செய்ய முனைந்தது. பறவை மோதலுக்கான சோதனையில் அவை சிதறவே டைட்டானியத்துக்கு மாறியது. 1971-இல் அந்த நிறுவனம் திவாலானதற்கு அந்த எஞ்சினின் செலவே முக்கியக் காரணம். கார்பன் இழுவிசையைத் தாங்கும், திடீர் அடியைத் தாங்குவது வேறு விஷயம் என்ற பாடம் லேண்டிங் கியருக்கும் அப்படியே பொருந்தும். அதே 1971-இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. தூண்டில் கோலும் கோல்ஃப் மட்டையும் முதல் வாடிக்கையாளர்களில் சேர்ந்தன, அந்த விளையாட்டுச் சந்தை வழியாகவே இழை பொழுதுபோக்குக்காரர்களின் கைக்கு எட்டியது.

மாதிரி விமானத்தில் கார்பனுக்கான அவசரம் போட்டிகளிலிருந்து வந்தது. எஃப்3ஏ எனப்படும் சர்வதேச சாகசப் பறப்புப் போட்டியில் விமானம் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், எரிபொருள் நீங்கலாக 5 கிலோ என்ற எல்லைகளுக்குள் இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. ராட்சத மாதிரிகளுக்குக் களமாக இருந்தது 1974 முதல் 2002 வரை லாஸ் வேகாஸில் நடந்த சாம்பியன்கள் போட்டி. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எபாக்சியில் பதித்த கார்பன் சுமார் 1.6 கிராம்தான். அச்சின்மேல் கார்பன் துணியை அடுக்கி, நீளவாக்கில் ஓடும் இழைகளால் வளைவுக்கும் சாய்வாக ஓடும் இழைகளால் முறுக்கலுக்கும் வலுவூட்டி, ரெசின் ஊட்டி இறுக வைப்பார்கள். சிலர் அடிதாங்குவதற்காகக் கெவ்லாரும் சேர்ப்பார்கள்.

இப்படி வந்த கால் வளைந்து நிற்பதில்லை. எல்லைக்குள் திரும்பிவிடும், எல்லை தாண்டினால் முறியும். பெரும்பாலும் மடிப்பின் உட்புறத்தில் அடுக்குகள் பிரியும், அல்லது போல்ட் துளையைச் சுற்றிக் கிழியும். இடுக்கிக்கும் மேசை விளிம்புக்கும் இங்கே வேலையில்லை. மாற்றுப் பாகம் தேடும் வழக்கம் வேரூன்றியது இப்போதுதான். பாதிக்குமேல் கட்டிமுடித்த நிலையில் பெட்டியில் வரும் விமானங்கள் பெருகியதும் ஒவ்வொரு மாடலுக்கும் தனித் துளை, தனி உயரம், தனிக் கோணம் என்றானது. மாடல் நின்றால் பாகமும் நிற்கும். கிரேட் பிளேன்ஸ், டாப் ஃப்ளைட் பெயர்களை வைத்திருந்த, அமெரிக்காவின் சாம்பெய்ன் நகரத்து ஹாபிகோ நிறுவனம் 2018 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. அதன் பெயர்களை வாங்கியது அதே நகரின் ஹொரைசன் ஹாபி, ஆனால் பழைய மாடல்கள் பலவற்றின் உற்பத்தி நின்றுபோனது.

அதனால் இன்று மாற்றுக் காலைப் பெயரால் தேடுவதைவிட அளவால் தேடுவதே பயன் தருகிறது. உடலில் உட்காரும் தட்டையின் அகலம், சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம், தட்டையிலிருந்து அச்சு வரையான உயரம், விமானத்தின் எடை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். 50 சிசி, 100 சிசி என எஞ்சின் அளவை வைத்தே பொதுக் கால்கள் விற்கப்படுகின்றன. உயரம் குறைந்தால் புரொப்பல்லர் தரையில் உரசும், அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் கால் பிழைத்து உடலின் பிளைவுட் தட்டு பிய்ந்து வரும். இந்தச் சேதத்தைத் தவிர்க்கப் பலர் எஃகு போல்ட்டுக்குப் பதில் நைலான் போல்ட் போட்டு, அடி விழும்போது அதுவே முதலில் அறுபடும்படி விடுகிறார்கள். புதுக் காலில் துளையிடும்போது பின்னால் ஒரு மரத்துண்டை வைத்து அழுத்தினால் அடுக்குகள் பிரியாது. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் ஈரமாக வைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் வழக்கம்.