பாட்டுக்குப் படியளந்தவர் யார்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் திருமழிசை. அதையும் தாண்டினால் குத்தம்பாக்கம். புதிய பேருந்து முனையம் வருகிறது என்று செய்திகளில் அடிக்கடி பேர் அடிபட்டதே, அதே ஊர்தான். இந்த ஊருக்கும் கவிதைக்கும் என்னய்யா சம்பந்தம் என்கிறீர்களா?

இருக்கிறது. குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருமழிசை, ஓர் ஆழ்வார் பிறந்த ஊர். தென்கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். ஏரியும் வயலுமாகக் கிடந்து இன்று பிளாட்டும் ஃபேக்டரியுமாக மாறிவிட்ட இந்த வட்டாரம், தமிழுக்கு இரண்டு பெரிய கவிஞர்களைக் கொடுத்திருக்கிறது!

இதே வட்டாரத்தில் இன்றைக்கும் கவிதை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. ஒரு மைக், நாற்பது நாற்காலி, பத்துப் பன்னிரண்டு கவிஞர்கள். தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அறிமுகம் செய்வார். வருகிறவர் முதலில் தமிழுக்கு வணக்கம், அடுத்து தலைவருக்கு வணக்கம், பிறகு அவைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தன் தலைப்புக்கு வருவார். நல்ல வரி ஒன்று விழுந்தால் 'மீண்டும்... மீண்டும்' என்று குரல் வரும். நேரம் கருதிச் சுருக்கமாக முடிக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் வரும். கடைசியில் பொன்னாடை, டீ, போட்டோ!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு - செலவுதான் முதலில் கண்ணில் படும். ஹால் வாடகை, மைக் செட், டீ, பொன்னாடை... இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், தமிழ்க் கவிதை மேடையின் இரண்டாயிரம் வருடக் கதையும் கிடுகிடுவென்று பின்னாலேயே வருகிறது.

சங்க காலத்தில் பதில் சுலபம். மன்னன் கொடுத்தான், புலவன் பாடினான். ஆனால் வாங்குவதிலும் ஒரு கெத்து இருந்தது. பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். அதியமானைப் பார்க்கப் போகிறார். அதியமானுக்கு ஏதோ வேலை. நேரில் பார்க்காமலே பரிசை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டான். மனிதர் வாங்கவில்லை. 'முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் என்ன வியாபாரியா?' என்ற பொருளில் பாடிவிட்டு நடையைக் கட்டினார். புறநானூற்றில் 208-வது பாட்டு. பசி இருந்தது, ஆனாலும் ரோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்து, அரங்கேற்றம். அந்தக் காலத்தில் ஒரு நூலை எழுதினால் மட்டும் போதாது. சபையில் படித்துக் காட்ட வேண்டும். கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. இறையனார் களவியலுக்கு எது சரியான உரை என்று சண்டை வந்தபோது, தீர்ப்புச் சொன்னவன் ஐந்தே வயதான ஒரு ஊமைப் பையன்! பெயர் உருத்திரசன்மன். புலவர்கள் ஒவ்வொருவராக உரையைப் படிக்க, அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். மதுரை மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் மட்டும் மெய் சிலிர்த்தான். நக்கீரர் படித்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணீர் விட்டான். தீர்ந்தது வழக்கு! கதைதான். ஆனால் எவ்வளவு அழகான கதை! நல்ல ரசிகனுக்குப் பட்டமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கண்ணில் தண்ணீர் வந்தால் போதும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். இவர்கள் காஞ்சிபுரத்தில் இருந்தபோது, பல்லவ மன்னன் கணிகண்ணனைக் கூப்பிட்டுத் தன்மேல் ஒரு பாட்டுப் பாடச் சொன்னானாம். முடியாது என்றார் கணிகண்ணன். 'அப்படியானால் ஊரை விட்டுக் கிளம்பு' என்று உத்தரவு. சீடன் போனால் குருவும் கிளம்புவாரே! ஆழ்வார் நேராகத் திருவெஃகா பெருமாளிடம் போய், 'நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா' என்றாராம். பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். ஊரே இருண்டது. மன்னன் பதறி ஓடிவந்து காலில் விழ, மூவரும் திரும்பி வந்தார்கள். அன்று ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிருக்கை என்கிறார்கள். அந்தப் பெருமாளுக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்றே இன்றும் பெயர். புராணக் கதைதான். ஆனால், கூலிக்குப் புகழ் பாட மறுத்த ஒரு கவிஞனுக்காகக் கடவுளே வெளிநடப்புச் செய்தார் என்று ஜனங்கள் நம்பினார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

குன்றத்தூர்க்காரர் கதை இதற்கு நேர் எதிர். சேக்கிழார், சோழன் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். 12-ஆம் நூற்றாண்டு. மன்னன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தானாம். அவனை அதிலிருந்து திருப்பத்தான் சிவனடியார்கள் கதையை எழுதப் போனார் சேக்கிழார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. இடம், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபம். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம், அடுத்த சித்திரைத் திருவாதிரையில்தான் முடிந்தது. முழுசாக ஒரு வருடம்! முடிந்ததும் நூலை யானைமேல் ஏற்றி, ஆசிரியரையும் ஏற்றி, மன்னனே பக்கத்தில் உட்கார்ந்து சாமரம் வீசினானாம்.

செலவு அத்தனையும் அரசாங்கக் கணக்கு. ஆனால் காவியத்தின் ஹீரோ யார்? மன்னனா? இல்லை. மண்பானை செய்கிறவர், துணி வெளுக்கிறவர், வேட்டைக்காரர், மீன் பிடிக்கிறவர், கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற நந்தனார். புரவலனான அநபாயன் பெயர் அங்கங்கே சில இடங்களில் வருகிறது, அவ்வளவுதான். காசு கொடுத்தவனைக் கேட்கிறவனாக உட்கார வைத்துவிட்டு, குயவனையும் வண்ணானையும் மேடை ஏற்றினார் இந்த முன்னாள் அமைச்சர். லேசுப்பட்ட காரியமா அது?

கம்பர் கதையில் 'ஸ்பான்சர்' பிரச்னையே வெளிப்படையாக வருகிறது. சோறு போட்டவர் திருவெண்ணெய்நல்லூர் சடையப்ப வள்ளல். நன்றிக்காக நூறு பாட்டுக்கு ஒரு தடவை அவர் பெயரைச் சேர்த்தாராம் கம்பர். ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றியபோது, 'இது ரொம்ப ஜாஸ்தி, ஆயிரத்துக்கு ஒன்று போதும்' என்றார்களாம் பெரியவர்கள். ராமாயணத்துக்கு நடுவே விளம்பர இடைவேளை எத்தனை என்று அன்றைக்கே பேரம் நடந்திருக்கிறது!

காலம் உருண்டது. மன்னர்கள் போனார்கள். மடங்களும் ஜமீன்களும் வந்தன. கும்பெனி காலத்தில் துபாஷிகளும் சேர்ந்துகொண்டார்கள். ராம நாடகம் எழுதிய சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர்களில் முக்கியமானவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், கவர்னர் பிகட்டின் துபாஷி. 19-ஆம் நூற்றாண்டில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகப் போய்த் தலபுராணங்களை அரங்கேற்றினார். சீடர் உ.வே.சாமிநாதையர் பாட்டைப் படிக்க, பிள்ளையவர்கள் அர்த்தம் சொல்வார். அந்தந்த ஊர்ப் பெரியவர்களும் மடங்களும் கொடுப்பதுதான் வருமானம். தமிழ்நாட்டிலேயே பெரிய புலவர்; அப்படியும் 1876-ல் கண் மூடும் வரையில் அவரைக் கடன் விடவில்லை.

பாரதிக்கு இதுவும் வாய்க்கவில்லை. 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். பலன் பூஜ்யம். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 1907-ல், வேறொரு வாசல் திறந்திருந்தது. அரசியலில் எதிர் முகாமைச் சேர்ந்த மிதவாதி வி.கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் பாட்டில் சொக்கிப்போய் 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பாட்டு, அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்த தருணம் அது. கடற்கரைக் கூட்டங்களில் மணலில் நின்று பாடினார் பாரதி. 1921 ஜூலை 31-ல் அவர் கடைசியாகப் பேசியதாகச் சொல்லப்படும் இடம் எது தெரியுமா? அரண்மனை இல்லை, மடம் இல்லை. ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு சின்ன வாசகசாலை!

அதற்குப் பிறகு வானொலி. சென்னை நிலையம் 1938, திருச்சி நிலையம் 1939. பொங்கல், தீபாவளி என்றால் கவியரங்கம் நிச்சயம். முதன்முறையாகக் கவிஞனுக்கு ஒப்பந்தக் காகிதமும் செக்கும் வந்தன. கூடவே விதிமுறைகளும் வந்தன. 1969-ல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி வானொலியில் வாசித்த இரங்கல் கவிதையைக் கேட்டு அழுத தலைமுறை இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறது.

பிறகு கவியரங்கம் கட்சி மேடைக்குப் போயிற்று. நல்ல கவிஞர்களும் கிடைத்தார்கள், கூட்டமும் சேர்ந்தது. ஆனால், தலைப்பு 'நிலா'வாக இருந்தாலும் முதல் இருபது வரி தலைவருக்கே போயிற்று! நூற்றுக்கு ஒன்றா, ஆயிரத்துக்கு ஒன்றா என்ற பழைய பேரமெல்லாம் காற்றோடு போச்சு.

சென்னைக்கு வெளியே மாற்று முயற்சிகள் நடந்தன. உருது முஷாயிராக்கள் நடக்கும் வாணியம்பாடியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அப்துல் ரகுமான், அந்த ராத்திரி நேரத்து ருசியைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1971-ல் கோவையில் 'வானம்பாடி' தோன்றியது. வேடந்தாங்கல் பக்கத்தில் 'இலக்கிய வீதி' என்று ஓர் அமைப்பை ஆரம்பித்துக் கிராமத்து இளைஞர்களை எழுத வைத்தார் இனியவன். எண்பதுகளில் திருவண்ணாமலையில் முற்போக்கு எழுத்தாளர்கள் விடிய விடியக் 'கலை இரவு' நடத்தினார்கள். உண்டியல் குலுக்கி வசூல். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை... ஜனங்களே புரவலர்கள்!

சரி, இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி? அறுபதுகளில் இங்கே தொழிற்பேட்டை வந்தது, டாங்கி தொழிற்சாலை வந்தது. எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தறி தெரிந்தவர், ஏர் தெரிந்தவர், கூத்து தெரிந்தவர் எல்லோரும் ஒரே ஷிஃப்ட்டில் நின்றார்கள். அவர்களில் பாட்டு எழுதுகிறவர்களும் உண்டு. இவர்களுக்குப் படியளப்பவர் யார்?

பெரும்பாலும் அவர்களேதான்! வாடகையைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். தொகுப்பு நூலில் ஒரு பக்கம் வேண்டுமென்றால் அதற்குப் 'பங்களிப்புத் தொகை' கட்டுகிறார்கள். சொந்தக் காசில் புத்தகம் போட்டு நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். விருதுக்குக்கூட 'நுழைவுக் கட்டணம்' கேட்கிற கூட்டம் இருக்கிறது. சங்க காலத்தில் கவிஞன் பரிசு வாங்கினான். இப்போது கவிஞனே பரிசுக்கும் பணம் கட்டுகிறான். இரண்டாயிரம் வருடத்துப் பேரேட்டில் பற்று வரவு இரண்டும் இடம் மாறிப்போச்சு!

இதில் ஒரு லாபமும் உண்டு. தன் காசில் மைக் பிடிக்கிறவனை யாரும் யாரையும் புகழச் சொல்ல முடியாது. கணிகண்ணன் கேட்ட சுதந்திரம் இவனுக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. நஷ்டம் என்னவென்றால், பணம் கட்ட முடியாதவன் பாட்டு வெளியிலேயே வராது. நந்தனார் மறுபடியும் வாசலில்தான் நிற்பார்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஒரு பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. பின்னணியில் உழைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி, நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது. ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய். ரசீதை எடுத்துப் பாருங்கள்.

ஆக, குலோத்துங்கனும் சடையப்ப வள்ளலும் செய்த வேலையை இன்று செய்துகொண்டிருப்பது நீங்கள்தான், உங்களுக்கே தெரியாமல்! உங்கள் தெருக்கோடியில் இருக்கிற கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறதா, மாதம் ஒரு சாயங்காலம் நாலு பேர் கவிதை வாசிக்க இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். காசு கொடுப்பவருக்குக் கேட்கிற உரிமை உண்டு.

புகழ் மட்டும் பாடச் சொல்லாதீர்கள். பெருமாள் பாயைச் சுருட்டிவிடுவார்!