தீவுகளுக்கு இட்ட பெயர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளை நேயர்கள் அறிவார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணை, காரைநகர் என்பன அவற்றுட் சில. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வேறொரு பெயரையும் சுமந்து நின்றது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கைப்பற்றிய நிலத்தைப் படத்தில் வரையவும் கணக்கில் எழுதவும் பெயர் வேண்டுமல்லவா? தமிழ்ப் பெயர்கள் இருக்கவும், அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இட்டனர். அந்நாளில் காரைதீவு எனப்பட்ட காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், நெடுந்தீவு டெல்ப்ட்.

1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிக்கு ஆறு நகரங்களில் ஆட்சி மன்றங்கள் இருந்தன. அவ்வாறனுள் ஐந்து நகரங்கள் இப்பட்டியலில் உள்ளன. தீவின் இயல்பையோ குடிகளின் வழக்கையோ நோக்கி எழுந்த பெயர்களல்ல இவை.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தப் பெயர்களுட் பெரும்பாலான காலப்போக்கில் பழைய நூல்களோடும் படங்களோடும் ஒதுங்கின. டெல்ப்ட் மட்டும் ஆங்கில ஆவணங்களில் நிலைத்தது. இன்றும் அங்குள்ள பிரதேச செயலகத்துக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர். ஆயினும், குறிகட்டுவான் துறையிற் படகேறும் தமிழர் நெடுந்தீவுக்கே போகின்றனர். ஏட்டில் ஏறிய பெயர் ஏட்டில் வாழ்கிறது; நாவில் ஏறிய பெயர் நாவில் வாழ்கிறது.

இவ்வழக்கு நம் காலத்திலும் எழுந்தது. கணினி நிரல்களின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து காக்கும் 'கிட்' என்னும் மென்பொருள் 2005இல் தோன்றியது. அதில் முதற்கிளைக்குத் தானாகவே அமைந்த பெயர் 'மாஸ்டர்'. அச்சொல் அடிமைகளை ஆண்ட எசமானை நினைவூட்டுகிறது என்ற கண்டனம் வலுப்பெற்றது. 2020இல் 'கிட்ஹப்' நிறுவனம் புதிய தொகுப்புகளுக்கு 'மெயின்' என்பதை முதற்பெயராக்கியது. அதே ஆண்டில், அவரவர் விரும்பிய பெயரை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளும் வசதியும் கிட் மென்பொருளில் வந்தது. பழைய பெயரை நம்பி எழுதிய கட்டளைகள் பிழைபடுமே என்று அஞ்சியோரும் உளர். அவ்வச்சம் பொய்யன்று, ஒரு பெயர் மாறினால் அதைச் சுட்டும் ஏடுகள் அனைத்தும் மாறவேண்டும்.

பெயர் மாற்றத்துக்குக் காரைதீவே நல்ல சான்று. கிழக்கிலங்கையிலும் ஒரு காரைதீவு உண்டு. இரண்டும் மயங்காதிருக்க, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் காரைதீவு காரைநகர் ஆயிற்று. ஆம்ஸ்டர்டாம் போல முன்னைய பெயரை அடியோடு அகற்றவில்லை. 'காரை' என்னும் வேரை வைத்துக்கொண்டு, குழப்பத்தை மட்டும் நீக்கியது. அப்பெயரை ஊரும் ஏற்றது, ஏடும் ஏற்றது.

தேர்ந்தெடாதவனுக்கும் ஒரு பெயர் வந்து சேரும்; அது பிறர் தேர்ந்த பெயராயிருக்கும். ஆகவே முதற்பெயர் இடுவோர், அதை நாளும் வழங்கப்போகிறவர்களை முதலில் கேட்பது நன்று.