தேர்தலும் பத்திரிகையும்: ஏரிக்கரை சொல்லும் பாடம்

என் வாப்பா தையற்காரர். ஊர்ச் சந்தியில் இருந்த அவரது கடை வாங்கில் எப்போதும் ஒரு பத்திரிகை கிடக்கும். உடுப்புத் தைக்கக் கொடுக்க வருபவர்களைவிட அதை வாசிக்க வருபவர்களே அதிகம். வாப்பா ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்காரர். 1973 இல் லேக் ஹவுஸ் நிறுவனம் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது, "இனி அது நம்மட பேப்பர்" என்று சொல்லி, அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். நான்கு வருடங்களின் பின் ஆட்சி மாறியது. அதே வாங்கில் அதே பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் ஒருவர் சொன்னாராம்: "காக்கா, உங்கட பேப்பர் இப்ப எங்கட பேப்பர்."

வாப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருக்கும். அவர் மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. பாடசாலையில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் அந்தக் கதை ஞாபகத்துக்கு வருகிறது. தேர்தற் காலத்தில் ஊடகங்கள் நடுநிலையாக நடப்பதில்லை என்று எல்லோரும் முறையிடுகிறோம். ஆனால் நாம் கேட்பது நடுநிலையையா, அல்லது நம்மட பேப்பரையா? நமது நாட்டின் பத்திரிகை வரலாற்றை இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

லேக் ஹவுஸைக் கட்டியெழுப்பியவர் டி.ஆர். விஜேவர்தன. 1914 இல் 'தினமின' பத்திரிகையை வாங்கிய அவர், 1918 இல் 'டெய்லி நியூஸ்' நாளேட்டைத் தொடங்கினார். 1932 இல் 'தினகரன்' வெளிவந்தது. பேரை வாவியின் ஓரத்தில் கட்டடம் எழுந்ததால் 'ஏரிக்கரை' என்ற பெயர் தமிழ் வாசகர்களிடம் நிலைத்தது. குடியேற்ற ஆட்சிக்கு எதிராக அரசியற் சீர்திருத்தம் கேட்டு எழுதிய பத்திரிகைகள் இவை. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

எனினும் சுதந்திரத்தின் பின் அந்த நிறுவனம் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமே நின்றது. இதில் இரகசியம் எதுவும் இல்லை. ஜே.ஆர். ஜயவர்தனவின் தாயார் விஜேவர்தனவின் சகோதரி. விஜேவர்தனவின் மறைவுக்குப் பின் நிறுவனத்தில் செல்வாக்குப் பெற்ற எஸ்மண்ட் விக்கிரமசிங்க அவரது மருமகன். அரசியலும் அச்சகமும் ஒரே குடும்பத்து முற்றத்தில் புழங்கின எனலாம்.

அப்படியிருந்தும் 1956 இல் என்ன நடந்தது? ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களோடு சுருங்கியது. எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 95 ஆசனங்களில் 51 ஐப் பெற்றது. பெரிய பத்திரிகைகளின் ஆதரவு அரசாங்கத்தைக் காப்பாற்றவில்லை. பிக்குமாரும் கிராமத்து ஆசிரியர்களும் சுதேச வைத்தியர்களும் கால்நடையாகச் சென்று செய்த பிரசாரம் அதை வென்றது. யானைமீது மாரன் வருவதாகப் பிரதமரைச் சித்திரித்த ஒரு சுவரொட்டியை அந்தத் தேர்தலைப் பற்றி எழுதுவோர் இன்றும் குறிப்பிடுவர்.

ஆனால் சிறியவர்களின் பிரசாரம் என்பதால் அது நியாயமான பிரசாரம் ஆகிவிடாது. அதே பிரசாரம்தான் சிங்களம் மட்டும் என்ற வாக்குறுதியையும் வீடு வீடாகக் கொண்டு சென்றது. அதன் விலையைத் தமிழ் பேசும் மக்கள் செலுத்தினார்கள். பெரிய பத்திரிகை பொய் சொல்லும், துண்டுப்பிரசுரம் உண்மை பேசும் என்று வகுப்பறையில் ஒரு சமன்பாடு எழுதிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பண்டாரநாயக்கவின் கொலைக்குப் பின், 1960 ஜூலையில் அவரது மனைவி சிறிமாவோ பிரதமரானார். பத்திரிகைகளின் தனியுரிமையை உடைப்பது அந்த அரசாங்கத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கைகளில் ஒன்று. 1964 இல் பத்திரிகைப் பேரவைச் சட்டமூலம் வந்தது. ஏரிக்கரை தனது முழுப் பலத்தோடும் எதிர்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 3 ஆந் திகதி சி.பீ. டி சில்வா உட்பட 14 ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எதிரணிக்கு மாற, 73 க்கு 74 என்ற வாக்குகளால் அரசாங்கம் தோற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பத்திரிகையைக் கட்டுப்படுத்தப் போன அரசாங்கம் ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்ததைச் சுதந்திரக் கட்சியினர் எளிதில் மறக்கவில்லை.

1970 இல் ஐக்கிய முன்னணி பெரும் பலத்தோடு வென்றது. அப்போதும் ஏரிக்கரை தோற்ற பக்கத்திலேயே நின்றது. 1973 இல் சட்டம் நிறைவேறியது. நிறுவனத்தின் நூற்றுக்கு 75 வீதமான பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் சென்றன. அப்பங்குகள் பின்னர் பொதுமக்களிடையே பரவலாகப் பகிரப்படும் என்று சொல்லப்பட்டது. வாப்பா தேநீர் வாங்கிக் கொடுத்தது இந்தப் பகிர்வை நம்பித்தான். ஒரு குடும்பத்தின் பேப்பர் ஊரின் பேப்பர் ஆகும் என்று அவர் நினைத்தார். அந்தப் பகிர்வு இன்றுவரை நடக்கவில்லை.

அடுத்த வருடம் இன்னொரு கதவும் மூடப்பட்டது. 'தவச', 'சன்', 'தினபதி', 'சிந்தாமணி' ஆகியவற்றை வெளியிட்ட சுயாதீன பத்திரிகை நிறுவனத்துக்கு அவசரகால விதிகளின் கீழ் சீல் வைக்கப்பட்டது. 1977 வரை அது திறக்கப்படவில்லை. 'தினபதி'யை வாசித்துப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு அந்த மூன்று வருடங்கள் நீண்டவை. வாப்பாவிடம் ஒருமுறை, "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லல்ல மகன். அது நம்மட பேப்பர் இல்லத்தானே" என்றார்.

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 ஐ வென்றது. சுதந்திரக் கட்சிக்கு எட்டு மட்டுமே. ஏரிக்கரையைக் கையில் வைத்திருந்தும் அது தோற்றது. ஆக, 1956 இலும் 1970 இலும் தனியார் கையிலிருந்த ஏரிக்கரை ஆதரித்த பக்கம் தோற்றது. 1977 இல் அரசாங்கத்தின் கையிலிருந்த ஏரிக்கரை ஆதரித்த பக்கமும் தோற்றது. ஒரு பத்திரிகை நினைத்தால் தேர்தலை வென்று கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு நமது வரலாறு இடம் தரவில்லை.

அப்படியானால் பக்கச்சார்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்குரிய விடையை 1982 ஆம் ஆண்டில் தேட வேண்டும்.

1977 இல் வந்தவர்கள் ஏரிக்கரையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தாமே வைத்துக்கொண்டார்கள். 'டைம்ஸ்' நிறுவனமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வானொலி ஏற்கெனவே அரசுடையது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 20 இல் சனாதிபதித் தேர்தல் நடந்தது. அதில் வென்ற ஜே.ஆர். ஜயவர்தன, பொதுத் தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடங்கள் நீடிப்பதற்கு மக்களிடம் கேட்டார். டிசம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை.

வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நடந்தது. எதிரணியினர் நக்சலைட் சதி ஒன்றைத் தீட்டியதாக அரசாங்கம் சொன்னது. அரச ஊடகங்கள் அதைப் பரப்பின. அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. கொம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகைக்குச் சீல் வைக்கப்பட்டது. மதகுருமாரின் 'பவிதி ஹண்ட' அமைப்பு அச்சிட்ட பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைப்பற்றினார். அது பேச்சுச் சுதந்திரத்தை மீறிய செயல் என 1983 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10,000 ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அந்த நட்டஈட்டை அரசாங்கமே செலுத்தியது. அதிகாரிக்குப் பதவியுயர்வும் கிடைத்தது.

வாக்கெடுப்பில் விளக்குக்கு 54.66 வீதமும் பானைக்கு 45.34 வீதமும் கிடைத்தன. 1977 இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை இருந்தது.

1956 க்கும் 1982 க்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 1956 இல் பெரிய பத்திரிகைகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் மற்றப் பக்கத்தின் வாயை யாரும் கட்டவில்லை. சுவரொட்டி ஒட்ட முடிந்தது, பிரசுரம் கொடுக்க முடிந்தது. 1982 இல் ஒரு பக்கத்துக்கு வானொலி, தொலைக்காட்சி, நாளேடுகள் எல்லாம் இருந்தன. மற்றப் பக்கத்தின் சின்னப் பத்திரிகைக்குச் சீல், துண்டுப்பிரசுரத்துக்குப் பொலிஸ். சாய்ந்த பத்திரிகையை வாக்காளன் தோற்கடிக்கலாம். மூடிய பத்திரிகைக்கு எதிராக அவனால் என்ன செய்ய முடியும்? வாப்பா அந்த வருடம் பானைக்காகக் கத்தினார். 'தினபதி' மூடப்பட்டபோது தான் மௌனமாக இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம்.

இதனால் பக்கச்சார்பு குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. தனியார் பத்திரிகை சாய்ந்தால், பிடிக்காதவன் வாங்காமல் விடலாம். அரச ஊடகம் சாயும்போது அப்படி விட முடியாது. அதன் செலவைச் சுமப்பது எல்லாருடைய வரிப்பணம். பானைக்கு வாக்களித்தவனின் காசிலும்தான் விளக்குக்குப் பிரசாரம் நடந்தது.

இதை நான் உணர்ந்தது 2010 ஜனவரியில், வாக்களிப்பு நிலையத்தில் கடமை செய்தபோது. கடமைக்கு முந்திய வகுப்பில் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள்: கட்சி நிறத்தில் உடுப்பு வேண்டாம், வாக்காளரோடு அரசியல் கதை வேண்டாம். என்னுடன் வந்த ஆசிரியர் ஒருவர் தனது பச்சைப் பேனாவைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நாங்களும் அரச சம்பளக்காரர்கள், அரச தொலைக்காட்சியில் வேலை செய்வோரும் அரச சம்பளக்காரர்கள். 2001 இன் 17 ஆவது திருத்தம், தேர்தற் காலத்தில் அரச ஒலிபரப்பும் ஒளிபரப்பும் வழிகாட்டல்களை மீறினால் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்க இடமளித்திருந்தது. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அவ்வாறு ஒருவரை நியமித்தார். சொன்னதை அரச ஊடகங்கள் கேட்காததால், வாக்களிப்புக்கு முன்னரே அந்த நியமனத்தை மீளப் பெற்றார். தேர்தல் முடிந்த பின் அந்தக் குறையைப் பகிரங்கமாகவே சொன்னார். பச்சைப் பேனாவை வீட்டில் விட்டு வந்தவரின் ஞாபகம் எனக்கு வந்தது.

2015 ஜனவரித் தேர்தலிலும் அரச ஊடகங்கள் பதவியிலிருந்தவரின் பக்கமே நின்றன. அவர் தோற்றார். சட்டம் வளர்ந்திருக்கிறது. வாசகர்களாகிய நாம் வளர்ந்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலுக்கு முந்திய தவணையில், செய்தி வாசிப்புப் பாடத்துக்காக நான் ஒரே ஒரு பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டு போவேன். அது நான் விரும்பிய வேட்பாளரை ஆதரித்த பத்திரிகை. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், மற்றப் பேப்பர் எங்க?" என்று கேட்டாள். நேரம் போதாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வாப்பாவின் கடை வாங்கு என் கண்ணுக்குள் நின்றது. நானும் நம்மட பேப்பரைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போது தேர்தல் வந்தால் இரண்டு மூன்று பத்திரிகைகள் வாங்குவேன். மாணவர்கள் அடிமட்டத்தை எடுத்து ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை சதமமீற்றர் இடம் கிடைத்திருக்கிறது என்று அளப்பார்கள். பிறகு படங்களைப் பார்ப்பார்கள்: யாரின் சிரித்த முகம், யாரின் வாய் பிளந்த முகம். ஒருவர் 'கூறினார்', மற்றவர் 'பிதற்றினார்' என்று எழுதியிருந்தால் கோடிடுவார்கள். சில பக்கங்களில் ஒருவருக்கு அடிமட்டம் போதாது, மற்றவருக்கு விரல் போதும். எந்தக் கட்சி நல்லது என்று நான் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை.

ஒரேயொரு விதி வைத்திருக்கிறேன். தனது வீட்டார் ஆதரிக்கும் பக்கத்துப் பத்திரிகையைத்தான் ஒவ்வொருவரும் முதலில் அளக்க வேண்டும். என் பங்குக்கு நானும் அப்படியே என்னுடையதை அளக்கிறேன்.