அற்புதங்களின் பதிவேடு: திருவரங்கத்துக் கோயிலொழுகு

திருவரங்கம் பெரிய கோயிலின் வரலாற்றைச் சொல்லும் ‘கோயிலொழுகு’ ஒருவர் ஒரு காலத்தில் எழுதி முடித்த நூலன்று. கோயிலோடு தொடர்புடையோர் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்ததால், புராண காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கம் வரை நீண்டுவிட்ட உரைநடைப் பதிவேடு அது. ‘ஒழுகு’ என்னும் சொல் இங்கே வழிவழியாக எழுதிவரும் கணக்கைக் குறிக்கிறது. அதன் மொழி மணிப்பிரவாளம், அதாவது தமிழ்ச் சொல்லையும் வடசொல்லையும் மணியும் பவளமும் போலக் கலந்து கோத்து வைணவ ஆசாரியர்கள் வளர்த்தெடுத்த உரைநடை. எந்தத் திருச்சுற்றை எவர் கட்டினார், எந்த அரசர் என்ன தானம் செய்தார், எந்தப் பணியாளருக்கு என்ன கடமை என்று கணக்கெழுதும் அதே கை, கிளியொன்று அரசனுக்குத் துப்புக் கொடுத்ததையும், பெருமாளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதையும், டெல்லி அரண்மனையில் விக்கிரகம் விளையாடியதையும், குரலை உயர்த்தாமல், வியப்புச் சொல் ஒன்றும் கூட்டாமல் எழுதிக்கொண்டு போகிறது.

அமானுஷ்யத்தைச் செய்தியாக்கும் இத்தகைய நடைக்கு இன்றைய இலக்கியத்திலும் உறவு உண்டு. மான்செஸ்டர் நகரத்தில் விநோதச் செய்திகளை மட்டும் வெளியிடும் ஒரு பத்திரிகை அலுவலகத்தைக் களமாகக் கொண்டு சி. கே. மெக்டொனல் எழுதிவரும் ‘தி ஸ்ட்ரேஞ்சர் டைம்ஸ்’ நாவல் வரிசை 2021இல் தொடங்கியது. பேயும் பூதமும் அன்றாட அலுவலகத் தொல்லைகளுள் ஒன்றாகிவிடுவதில்தான் அதன் நகைச்சுவை பெரிதும் தங்கியிருக்கிறது. ஒழுகை எழுதியவர்களுக்குச் சிரிப்பூட்டும் எண்ணம் இருந்ததில்லை. அவர்களுடைய நிதானத்துக்குக் காரணம் வேறு: அந்த ஏட்டில் வரும் அற்புதங்கள் பல, யாருக்கோ ஓர் உரிமையாகவோ, கோயிலில் ஒரு நித்தியப்படியாகவோ, ஒரு மண்டபமாகவோ, ஒரு பெயராகவோ போய் முடிகின்றன, எனவே அற்புதத்தை எழுதாமல் விட்டால் உரிமைக்கு ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

காவிரியின் தென்கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியின் அற்புதங்கள் வேறு வகையான நூலில் தங்கியிருக்கின்றன. வெள்ளத்தால் அக்கரையில் சிக்கிக்கொண்ட தாயின் உருவத்தில் சிவபெருமானே வந்து, ரத்தினாவதி என்னும் வணிகப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துத் தாயுமானவர் ஆன கதையும், சாரமா முனிவரின் நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் களவு போனதால் உறையூர் மண்மாரியில் புதைந்த கதையும் செவ்வந்திப் புராணம் என்னும் செய்யுள் நூலின் பொருள்கள். தலபுராணம் கேட்போரின் பக்தியை நாடுவது; கோயிலொழுகோ, நாளை வழக்கு வந்தால் எடுத்துக் காட்டுவதற்கான ஏட்டின் குணம் கொண்டது.

ஒழுகின் தொடக்கப் பகுதியில் செய்தி கொண்டுவருவது ஒரு பறவை. விபீஷணன் கொண்டுவந்து காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே நிலைபெற்றுவிட்ட விமானம் காலப்போக்கில் மணல் மூடிக் காடாகிப் போக, அப்பக்கம் வந்து மரநிழலில் இளைப்பாறிய சோழ அரசன் ஒருவன், மேலே இருந்த கிளி அவ்விடத்தின் பெருமையைச் சுலோகமாகத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு, பின்னர்க் கனவில் இடம் தெளிந்து, மணலை அகற்றிக் கோயிலை மீட்டான் என்கிறது மரபு. ஒரு பறவையின் பேச்சை மட்டும் நம்பாமல் கனவையும் இரண்டாம் சாட்சியாகச் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது; எந்தச் செய்தி ஆசிரியரும் அதைக் குறைசொல்ல மாட்டார். அந்த அரசன் கிளிச்சோழன் எனப்பட்டான். கருவறையை ஒட்டிய மண்டபம் கிளி மண்டபம் என்றே இன்றும் வழங்குகிறது.

இராமானுசர் காலத்துச் செய்திகளில் இந்த இயல்பு இன்னும் தெளிவாகத் தெரியும். பெரிய கோயில் நம்பியிடமிருந்து நிர்வாகத்தைப் பெற்றுக்கொண்ட இராமானுசர், கோயில் பணியாளர் பிரிவுகளைப் பத்துக் கொத்துகளாக விரித்து அமைத்தார். ‘கொத்து’ என்பது குறிப்பிட்ட கடமையும் அதற்குரிய மரியாதையும் உடைய குழு. அந்நாட்களில் ஒருமுறை பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைக் கண்ட அவர் காரணம் விசாரித்தபோது, தயிர்ச்சோற்றோடு நாவற்பழத்தையும் அமுதுசெய்வித்தது தெரியவந்தது என்றும், உடனே கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்றும் சொல்லப்படுகிறது. அஜீரணம் கண்டது அனந்தசயனனுக்கு. ஆனால் விசாரணையோ மடைப்பள்ளிக் கணக்கைப் புரட்டும் அதிகாரியின் விசாரணை. அதன் விளைவுகளாகச் சொல்லப்படும் தன்வந்திரி சன்னதியும் கஷாய நிவேதனமும் இன்றும் இருக்கின்றன.

ஒழுகின் மிக அடர்த்தியான பகுதி பதினான்காம் நூற்றாண்டைப் பற்றியது. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பும் 1323இல் உலுக் கானின் படையெடுப்பும் நிகழ்ந்தன. ஒழுகில் இவற்றின் ஆண்டுகளும் நிகழ்ச்சிகளும் பலவிடங்களில் முன்பின்னாகக் கலந்துள்ளன. பெருமாளைச் சேவிக்காமல் உண்பதில்லை என்ற நோன்புடைய கரம்பனூர்ப் பெண்ணொருத்தி, டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்ட விக்கிரகத்தின் பின்னாலேயே போய், அது சுல்தானின் மகளிடம் இருப்பதைக் கண்டறிந்து ஊர் திரும்பிச் சேதி சொன்னாள். அதைக் கேட்டு ஆடல் பாடல் வல்லாரோடு டெல்லி சென்ற கோயிலார், சுல்தானைக் கலையால் மகிழ்வித்து விக்கிரகத்தை மீட்டு வந்தனர். அவளுக்குக் கிடைத்த பெயர் பின்சென்றவல்லி. நேரில் போய்ப் பார்த்து வந்து எழுதும் நிருபருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் தமிழில் இல்லை. பிரிவாற்றாமல் பின்தொடர்ந்து வந்து உயிர்விட்ட சுல்தானின் மகள் துலுக்க நாச்சியார் என்னும் பெயரில் சித்திர வடிவாகக் கோயிலுக்குள் இடம்பெற்றாள். பெருமாள் கைலி உடுத்துவதும் ரொட்டி அமுதுசெய்வதும் அவள் பொருட்டே என்று மரபு காரணம் சொல்கிறது.

1323இன் பேரழிவில் பன்னீராயிரம் வைணவர்கள் மாண்டனர் என்பது மரபு சொல்லும் எண்ணிக்கை. வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியர் விக்கிரகத்தோடு தெற்கே சென்று, மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் உயிர்நீத்தார். படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று தள்ளிக் கொன்று, தானும் குதித்து மாண்ட தாசி வெள்ளையின் நினைவாகவே கீழைக் கோபுரம் வெள்ளைக் கோபுரமாயிற்று என்று கூறும் கதை, அவள் வேண்டிய வரத்தையும் மறக்காமல் சொல்கிறது: கோயில் தாசியர் இறந்தால் சிதைக்கு மடைப்பள்ளியிலிருந்து நெருப்புக் கொடுக்க வேண்டும் என்பதே அது. வீரச்செயலின் கடைசி வரியும் ஒரு சமூகத்தாரின் உரிமையாகவே அமைகிறது.

வரலாற்றறிஞர் வி. என். ஹரிராவ் 1961இல் கோயிலொழுகை ஆங்கிலத்தில் பெயர்த்து, கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதினார். கணக்கேடு என்பதற்காக ஒழுகின் ஆண்டுகளை அப்படியே ஏற்க முடியாது. அற்புதம் நிறைந்தது என்பதற்காக முழுவதையும் ஒதுக்கவும் முடியாது. விக்கிரகம் திரும்பி வந்த செய்தியே இதற்குச் சான்று. விஜயநகர அதிகாரியான செஞ்சிக் கோபணாரியர் 1371இல் அழகிய மணவாளன் என்னும் அந்த விக்கிரகத்தைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சக ஆண்டு 1293க்குரிய கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. ஆனால் நாற்பத்தெட்டு ஆண்டுகளில் பழைய திருமேனியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டனர். இடைக்காலத்தில் வேறொரு விக்கிரகமும் வழிபாட்டுக்கு வந்திருந்தது. இரண்டில் எது பழையது என்ற வழக்கைக் கல்வெட்டு பேசவில்லை, ஒழுகு பேசுகிறது. பெருமாளின் ஆடைகளை வெளுத்து வந்த, கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், அதாவது வண்ணார், இரு விக்கிரகங்களுக்கும் திருமஞ்சனம் செய்வித்த ஈரவாடையின் தீர்த்தத்தை உட்கொண்டு, பழைய மணத்தை அறிந்து, இவரே நம் பெருமாள் என்று தீர்ப்புச் சொன்னாராம். தோற்ற விக்கிரகம் திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு கோயிலிலேயே தங்கிவிட்டது. கோபணாரியரின் பெயர் கல்லில் இருக்கிறது. தீர்ப்புச் சொன்னவரோ தொழிற்பெயராலேயே அறியப்படுகிறார். அவர் வாயிலிருந்து வந்த ‘நம்பெருமாள்’ என்ற சொல்லைத்தான், மார்கழியில் பரமபத வாசல் திறக்கும் மறுநாள் காலை, நாளிதழ்கள் அச்சிடுகின்றன.