யார் இந்த பத்திரப்பன்? வள்ளி ஒயில் கும்மிக்கு பத்மஸ்ரீ வாங்கித் தந்த கோவைக்காரர்

2024 ஜனவரி 25-ம் தேதி வெளியான பத்ம விருதுப் பட்டியலில் விஜயகாந்த், வைஜெயந்திமாலா பெயர்களைத்தான் எல்லாரும் முதலில் தேடினாங்க. அதே பட்டியலில் பத்மஸ்ரீ பிரிவில் இருந்தார் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தைச் சேர்ந்த பத்திரப்பன். அப்போது அவருக்கு வயது 87. (இதே வட்டாரத்து தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கும் 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கலாம்.)

வள்ளி ஒயில் கும்மின்னா என்ன?

முருகன் - வள்ளி காதல் கதையைப் பாடிக்கொண்டே ஆடுவதுதான் வள்ளி கும்மி. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று குருவி விரட்டும் வள்ளி, வேடனாக வந்து வம்பிழுக்கும் முருகன், நம்பிராஜன் வந்ததும் வேங்கை மரமாக நிற்பது, அப்புறம் கிழவன் வேஷம், கடைசியில் யானையாக வந்து உதவும் விநாயகர் என கதை நீளும். ஆசிரியர் ஒரு அடி பாடுவார். ஆடுபவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே கைதட்டி, காலடி மாற்றி, வட்டமாகச் சுற்றுவார்கள். பாட்டு வேகமெடுக்க, அடவும் வேகமெடுக்கும். ஒருத்தர் அடி தவறினாலும் மொத்த வரிசையும் குலைந்துவிடும். அதனால் ஊரில் மாசக்கணக்கில் ராத்திரி நேரப் பயிற்சி நடக்கும். முடிந்ததும் கோயில் முன்னாடி அரங்கேற்றம்.

சாமி கதையோடு நின்றுவிடாமல், நாட்டு வரலாறு, சமூகப் பிரச்சினைகள் என விழிப்புணர்வுக்கும் இந்தக் கலையைப் பயன்படுத்தியவர் பத்திரப்பன்.

பெண்களுக்குத் திறந்த கதவு

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கதை முழுக்க வள்ளியைச் சுற்றித்தான். ஆனால் ஆடியது ஆண்கள்! அந்த வழக்கத்தை மீறி பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார் பத்திரப்பன். விருது அறிவிப்பிலும் இதுதான் முக்கியமாகக் குறிப்பிடப்பட்டது. இன்று கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தக் கோயில் விழாவுக்குப் போனாலும் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் கும்மியடிப்பதைப் பார்க்கலாம். ஐ.டி. ஊழியர், கல்லூரி மாணவி, பள்ளிக்கூடப் பிள்ளை, பாட்டி எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பாங்க.

சர்ச்சை என்ன?

கூட்டம் பெருகியதும் அரசியலும் உள்ளே வந்தது. சொந்த சமூகத்துக்குள் மட்டுமே திருமணம் செய்வோம் என பெண்களிடம் கும்மி மேடையில் உறுதிமொழி கேட்ட வீடியோ ஒன்று வெளியாகி கடும் விமர்சனத்தைக் கிளப்பியது. இது கலையா, சாதித் திரட்டலா என்ற கேள்வி அப்போது எழுந்தது. நியாயமான கேள்விதான். ஏன்னா, குறவர் குடியில் வளர்ந்த வள்ளியை முருகன் காதலித்துக் கைப்பிடித்த கதையைத்தானே அதே மேடையில் பாடுகிறார்கள்?