இருமுனையப் பிறழ்வு ஆய்வில் ஒளிமரபியல்

ஒளிமரபியல் என்பது மரபணு மாற்றத்தால் ஒளிக்கு வினைபுரியுமாறு செய்யப்பட்ட நரம்பணுக்களை, ஒளியைக் கொண்டு தூண்டவோ அடக்கவோ பயன்படும் ஆய்வு நுட்பம் ஆகும். பித்துநிலையும் மனச்சோர்வும் மாறிமாறி ஏற்படும் இருமுனையப் பிறழ்வு என்னும் மனநோயின் காரணங்களை அறிய, இது சுண்டெலிகளில் பயன்படுத்தப்படுகிறது.

இந்நோயின் பித்துநிலைக்கு இலித்தியம் பயன் தருவதை ஆத்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949 இல் அறிவித்தார். அது மூளையில் செயற்படும் விதம் இன்றும் முழுமையாக விளங்கவில்லை. மூளையைப் படமெடுக்கும் முறைகள் நோயுடன் சேர்ந்து மாறும் பகுதிகளைக் காட்டுகின்றன. அம்மாற்றம் நோய்க்குக் காரணமா, விளைவா என்பதை அவற்றால் மட்டும் கூற இயலாது. குறிப்பிட்ட நரம்பணுக்களை வேண்டும்போது இயக்கிப் பார்க்க முடிவதே ஒளிமரபியலின் சிறப்பு.

செயல்முறை

கிளமிடோமோனாசு என்னும் பச்சைப் பாசி, சானல்ரொடாப்சின் என்னும் புரதத்தின் துணையால் ஒளியை உணர்கிறது. இப்புரதத்திற்கான மரபணு, பெரும்பாலும் தீங்கற்றதாக்கப்பட்ட வைரசின் வழியாக, நரம்பணுக்களுள் செலுத்தப்படுகிறது. பின்னர் மெல்லிய ஒளியிழை மூலம் நீல ஒளியைப் பாய்ச்சினால் நேர்மின் அயனிகள் உட்புகுந்து நரம்பணு தூண்டப்படும். ஆலோரொடாப்சின் என்னும் வேறொரு புரதம் மஞ்சள் ஒளியில் நரம்பணுவை அடக்கும். சானல்ரொடாப்சின் மூலம் நரம்பணுக்களை மில்லிநொடித் துல்லியத்துடன் இயக்கலாம் என்பதை எட்வர்டு பாய்டன், கார்ல் டைசரோத் முதலியோர் 2005 இல் வெளியிட்டனர். டைசரோத் மனநல மருத்துவரும் ஆவார்.

சுண்டெலி ஆய்வுகள்

உடலின் நாட்சுழற்சியை நெறிப்படுத்தும் 'கிளாக்' மரபணு பிறழ்ந்த சுண்டெலிகள் ஓயாது ஓடுகின்றன, குறைவாக உறங்குகின்றன, அச்சமும் குறைவு. இலித்தியம் கொடுத்தபோது இவற்றுட் பல இயல்பு நிலைக்குத் திரும்பியதாக 2007 இல் அறியப்பட்டது. இவ்வெலிகளின் நடுமூளையில் டோப்பமீன் நரம்பணுக்களின் செயற்பாடு பகலில் மிகுவதையும், அப்போதே பித்துநிலை போன்ற நடத்தை தோன்றுவதையும் 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே நரம்பணுக்களின் செயற்பாட்டை ஒளியால் நீடித்து உயர்த்தியபோதும் அந்நடத்தை உண்டாயிற்று. இதனால் டோப்பமீன் மிகுதி வெறும் உடன்நிகழ்வு அன்று, காரணமாகவும் அமையக்கூடும் எனத் தெரிந்தது.

மனச்சோர்வு பற்றிய முடிவுகள் இவ்வளவு நேரானவை அல்ல. 2013 இல் நேச்சர் இதழில் வெளியான இரு ஆய்வுகளுள் ஒன்றில், டோப்பமீன் நரம்பணுக்களைத் தூண்டியபோது சோர்வு நடத்தை குறைந்தது. மற்றொன்றில் அதே வகை நரம்பணுக்களைத் தூண்டியபோது அது தோன்றியது. முன்னதில் எலிகள் நெடுநாள் மிதமான நெருக்கடிக்கும், பின்னதில் முரட்டு எலிகளின் தாக்குதலுக்கும் உட்படுத்தப்பட்டிருந்தன.

வரம்புகள்

சுண்டெலிக்கு இருமுனையப் பிறழ்வு உண்டு எனக் கூற முடியாது. ஓட்டம், உறக்கம் முதலியவற்றை அளக்கலாமேயன்றி, அதன் மனநிலையைக் கேட்டறிய வழியில்லை. இந்நுட்பம் இருமுனையப் பிறழ்வுக்கான சிகிச்சை அன்று. மனிதரில் இது கண்ணிலேயே சோதிக்கப்பட்டுள்ளது: பார்வையிழந்த ஒருவர் ஓரளவு பார்வை பெற்றது 2021 இல் அறிவிக்கப்பட்டது.