திண்டுக்கல் பூட்டு: புவிசார் குறியீடு கிடைத்தும் பட்டறைகள் தடுமாறுவது ஏன்?

திண்டுக்கல்னாலே இப்போது பலருக்கும் பிரியாணிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஊருக்கு 'பூட்டு நகரம்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது இரும்புப் பட்டறைகள்தான். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி பகுதிகளில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக கையாலேயே பூட்டு செய்து வருகிறார்கள். மழை குறைந்த சமவெளி என்பதால், விவசாயத்தை மட்டுமே நம்ப முடியாதவர்களுக்கு இந்தத் தொழில் கைகொடுத்தது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பார்க்க மாங்காய் போலவே இருக்கும் மாங்காய்ப் பூட்டுதான் இங்கே பிரபலம். பூட்டுக்குள் 'லீவர்' எனப்படும் சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியில் உள்ள ஒவ்வொரு வெட்டும் அதற்கான லீவரை சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. லீவர்கள் அதிகமானால் கள்ளச்சாவி போடுவதும் அந்தளவுக்குக் கஷ்டம். சாவியை அரத்தால் ராவி ராவி, அந்தந்தப் பூட்டுக்கே பொருத்துவார்கள். சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டும் உண்டு. பேட்டரி தேவைப்படாத அலாரம் என்றே சொல்லலாம்!

தொழிலாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் 1957-ல் தொடங்கப்பட்டது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 ஆகஸ்ட்டில். அதே மாதத்தில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது.

குறியீடு இருந்தும் என்ன பிரச்னை?

புவிசார் குறியீடு பாதுகாப்பது பெயரை மட்டுமே. வேறு ஊரில் செய்த பூட்டை 'திண்டுக்கல் பூட்டு' என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு பூட்டை வேறு பெயரில் செய்து விற்பதை இது தடுக்காது. உற்பத்தியாளர்களும் தங்களை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

உண்மையான போட்டி உத்தரப் பிரதேசத்தின் அலிகாரிலிருந்து வருகிறது. அங்கே மெஷினில் வரிசையாகத் தயாராகும் பூட்டுகளின் விலை குறைவு. கடையில் விலை கேட்டு வாங்குபவருக்கு லீவர் கணக்கெல்லாம் தெரியாதே! திண்டுக்கல்லில் தகடு வெட்டுவது முதல் ரிவிட் அடிப்பது வரை எல்லாமே கை வேலை. அதனால்தான் பூட்டு உறுதியாக இருக்கிறது, அதனால்தான் விலையும் கூடுகிறது.

செய்து முடித்த பூட்டுக்குத்தான் கூலி. ஒரு பட்டறைத் தொழிலாளி இந்தக் கைவேலையைப் பழகுவதற்கே சில வருடங்கள் ஆகும். அவருடைய பிள்ளைகளுக்கோ பக்கத்திலேயே நூற்பாலை வேலை இருக்கிறது.